வலைமீனின் வயிறு

மீன் விற்காத நாளில் ஐஸ் நன்றாக விற்கும். வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சரக்கு மளமளவென்று போய்விட்டால் கடைக்காரனுக்குக் காலையில் போட்ட ஐஸே போதும். தேங்கிக் கிடந்தால்தான் வெயில் ஏற ஏற ஒரு கூடை, இன்னொரு கூடை என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அதனால் மார்க்கெட்டில் எல்லார் முகமும் தொங்கிப்போன நாளில் என் ஐஸ் உடைக்கும் மெஷின் மட்டும் ஓயாமல் கடகடக்கும். கூடையைக் கொண்டுபோய்க் கொட்டும்போது, இழவு வீட்டில் சவப்பெட்டிக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள்.

அந்த வாரம் மெஷின் நிற்கவே இல்லை. காற்று செத்துப்போன வாரம். மேகம் தலைக்கு மேலேயே தொங்கியது, பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஐஸ் கொட்டிய கையோடு தண்ணீராகிச் சாக்கடையைப் பார்த்து ஓடியது. ஆனால் வியாபாரம் படுத்ததற்கு வெக்கை காரணமில்லை. என் தங்கச்சி செய்த ஒரு மீன்தான் காரணம்.

தங்கச்சி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அவள் வீட்டுக்காரர் இதே மார்க்கெட்டில், வாசலைத் தாண்டியதும் வலது கைப் பக்கம் கடை வைத்திருக்கிறார். படம் வரைய மீன் வாங்கப் போனவள் மீன்காரரையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று கல்யாணத்தில் நான் அடித்த கேலி இன்னும் சொந்தக்காரர்கள் வாயில் கிடக்கிறது. என் வீடு தூரம், தங்கச்சி வீடு பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் பக்கம், மத்தியானம் அவர்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு மத்தியானச் சாப்பாடு தங்கச்சி வீட்டில். அதனால் பாதி என் கண்ணெதிரில் நடந்தது. கண்ணில் படாத பாதியை இரண்டு பேரும் தனித்தனியாக வந்து என்னிடம் கொட்டிவிடுவார்கள்.

எல்லாம் ஒரு சிகரெட் லைட்டரில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஒருநாள் பெரிய கொடுவா ஒன்றைக் கிழித்தபோது குடலோடு அது வந்து விழுந்தது. கழுவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"பாருங்க மச்சான், இந்த மீனுக்கு எப்பப் பழக்கம் ஆச்சுன்னே தெரியல."

நான் சிரித்தேன். அவர் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கச்சி மட்டும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி அடிக்கடி வருமா?"

"எப்பவாவது வரும். கவர் துண்டு, பாட்டில் மூடி, வலை நூலு. சின்ன மீன்ல கண்ணுக்குத் தெரியறதில்ல. பெருசுலதான்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"என்ன செய்வாங்க? குடலோட சேத்து வாளிக்குள்ள தள்ளிட வேண்டியதுதான். வாங்கறவங்க பாத்தா மூஞ்சி மாறிடும்ல."

கட்டைவிரலால் மேசைமேல் தள்ளிக் காட்டினார். மீன் வெட்டுகிற எல்லாருக்கும் அந்தத் தள்ளு உண்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

"இனிமே தள்ளாதீங்க. எனக்குக் கொண்டு வாங்க," என்றாள் தங்கச்சி.

பெண்டாட்டி கேட்டாள், கொண்டுவந்தார். கடை மேசைக்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா வைத்து, வருவதை அதில் போட்டுவைப்பார். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை. வீட்டில் தங்கச்சி அதையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னல் கட்டையில் காயவைப்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பேன். ஒருநாள் நீலமாக ஒரு துண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இது யாருதுன்னு தெரியுதா அண்ணா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு ஐஸ் வாங்கறவங்களுக்கு நீ போட்டுக் குடுக்கற பைதான். இதே நீலம்."

"ஊர்ல நான் ஒருத்தன்தான் நீலப் பை வாங்கறேனா?" என்றேன். ஆனாலும் அதை அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் சேர்த்தாள். பிறகு படகுப் பட்டறை வெல்டரைப் பிடித்து இரும்புக் கம்பியில் ஒரு எலும்புக்கூடு செய்யச் சொன்னாள். துறைமுகத்தில் அறுந்து கிடந்த வலைகளைப் பிள்ளைகளோடு போய்ப் பொறுக்கி வந்து அதன்மேல் போர்த்தினாள். பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் செதிள்போலத் தைத்தாள். ஒரு படகு நீளம் இருந்தது அந்த மீன். தூரத்தில் நின்று பார்த்தால் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்ததுபோல மின்னும். கிட்டப் போனால் வயிறு தெரியும். வயிற்றுக்கு மட்டும் கண்ணாடித் தாள். உள்ளே, நிஜ மீன்களின் வயிற்றிலிருந்து வந்ததெல்லாம் நூலில் கட்டித் தொங்கியது. லைட்டர்தான் நடுவில்.

பள்ளிக் கண்காட்சியில் அதைப் பார்த்த நகராட்சி அதிகாரி ஒருவர், கடல் தூய்மை மாதத்துக்கு ஊருக்குள் பொது இடத்தில் வைக்கலாம் என்றார். கடற்கரையில் வைக்கட்டுமா, மீன் மார்க்கெட் வாசலில் வைக்கட்டுமா என்று தங்கச்சியிடமே கேட்டார். மார்க்கெட் வாசலில் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

வைத்த புதிதில் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டம்மா செஞ்சது," என்று தராசைப் பிடித்துக்கொண்டே வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கூட்டம் கூட்டமாக வந்து படம் எடுத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து தங்கச்சியிடம் பேட்டி எடுத்தார். வயிற்றில் இருப்பதெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். "இந்த மார்க்கெட் மீன் வயித்துல இருந்துதான்," என்று அவள் உள்ளதைச் சொன்னாள். மறுநாள் படத்துக்குக் கீழே அந்த ஒரு வரிதான் பெரிதாக வந்திருந்தது. அது ஒவ்வொரு கைபேசியாகத் தாவி, மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது.

அடுத்த காலை முதல் என் மெஷின் ஓட ஆரம்பித்தது.

வருகிறவர்கள் வாசலோடு நின்றார்கள். வயிற்றைப் பார்த்தார்கள். உள்ளே வந்தவர்களும் மீனைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

"இது நல்ல மீனாப்பா?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"காலைல இறங்கினதும்மா. செவுளைப் பாருங்க, ரத்தம் மாதிரி இருக்கு."

"செவுள் சரி. வயித்துல?"

"வயித்துல குடல் இருக்கும்மா. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"இல்ல, பிளாஸ்டிக் ஏதாவது..."

"அப்படி இருந்தா அதுக்குத் தனியா நான் காசு வாங்க மாட்டேன்," என்றான் பக்கத்துக் கடைக்காரன். அந்தம்மா சிரிக்காமல் கோழிக் கடைப் பக்கம் போய்விட்டாள். கோழிக் கடையில் வரிசை நின்றது. மீன் கடைக்காரர்கள் சூரையைத் திருப்பித் திருப்பி ஐஸில் புதைத்துக்கொண்டு அந்த வரிசையையே பார்த்தார்கள்.

வீட்டிலும் அது நுழைந்துவிட்டது. ஒரு மத்தியானம் பொரித்த மீனைத் தட்டில் வைத்ததும் மகள் தட்டைத் தள்ளினாள்.

"எனக்கு வேணாம்."

"ஏண்டா கண்ணு? உனக்குப் பிடிச்ச மீனாச்சே," என்றார் மாப்பிள்ளை.

"அது என்ன சாப்பிட்டுச்சோ. நான் முட்டை சாப்பிடறேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். அடுப்படியில் நின்ற தங்கச்சி முட்டையை எடுத்து உடைத்தாள். மீன்காரர் வீட்டில் மீன் தட்டிலேயே ஆறிப்போனது.

மார்க்கெட் சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதால் பின்னால் அவருக்குத் தராசு என்று பெயர். முன்னால் எல்லாருக்கும் அண்ணன். கெட்டவர் இல்லை. யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அந்த வாரம் அவர் கடையிலும் சூரை நிறம் மாறிக்கொண்டிருந்தது. ஏலக் கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டார். நானும் ஓரமாக நின்றேன்.

"யாரையும் குத்தம் சொல்ல வரல," என்று ஆரம்பித்தார். "டீச்சர் படிச்சவங்க. நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பாங்க. ஆனா நம்ம அடுப்புல தண்ணி ஊத்தியாச்சு. அந்த மீன் இங்க நிக்கற வரைக்கும் நம்ம மீன் போகாது."

"தூக்கிக் கடல்ல போடுவோம்," என்றான் ஒருவன்.

"போட்டா மறுபடியும் குப்பைன்னு அதையும் படம் எடுப்பாங்க," என்றான் இன்னொருவன். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் செத்தது.

தலைவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, ரெண்டே வழிதான். ஒண்ணு, அதை எடுத்துடச் சொல்லு. இல்லையா, இதெல்லாம் குப்பைமேட்டுல பொறுக்கினது, இந்த மார்க்கெட் மீன்ல எதுவும் இல்லன்னு டீச்சர் தன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். போர்டு எழுதி நானே மாட்டறேன். மீன் அழகா நிக்கட்டும், எனக்கென்ன."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி நின்றார்.

"டீச்சருக்கு எவனோ நம்மள்ல ஒருத்தன்தான் எடுத்துக் குடுத்திருக்கான்னு பேசிக்கறாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. நம்ம ஆளு எவனும் தன் வயித்துல தானே கத்தி வெச்சுக்க மாட்டான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் நாங்களே வண்டி வெச்சுத் தூக்கிடுவோம். அதுக்கு யாராவது குறுக்கே வந்தா, ஏலத்துல அவன் தூக்கற விரலை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. கோவத்துல சொல்லல தம்பி. வேற வழி தெரியல."

ஏலத்தில் விரலைத் தூக்கித்தான் விலை கேட்பது. அந்த விரல் செல்லவில்லை என்றால் மீன் இல்லை. மீன் இல்லை என்றால் கடை வெறும் சிமெண்டுத் திட்டு. மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தார். என்னோடு நடக்கும்போது அவர் கைகள் இரண்டும் ஒன்றை ஒன்று துடைத்துக்கொண்டே இருந்தன, ஈரமே இல்லாதபோதும்.

"மச்சான், அவகிட்ட நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொன்னா கேப்பாளா? சின்னப் பிள்ளையிலேயே கேட்டதில்ல."

"எனக்கு வாய் வராது."

வந்தது. சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"கடற்கரைல வைக்கறேன்னு சொல்லியிருக்கலாம்ல நீ?"

"கடற்கரைக்கு வர்றவங்க காத்து வாங்க வர்றாங்க. மீன் வாங்க வர்றவங்க பாத்தாத்தான் மனசுல படும்னு நெனச்சேன்."

"பட்டுடுச்சு. நல்லாவே பட்டுடுச்சு. எனக்கும் சேத்து." கொட்டகையில் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்தபோது குரல் இறங்கிவிட்டது. "ஒரே ஒரு வார்த்தைதான். குப்பைமேட்டுல பொறுக்கினதுன்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"யாருக்குக் கெடுதல் அந்தப் பொய்யில?"

"நீங்க கழுவிக் கொண்டுவந்து குடுத்தது அது. ஒவ்வொண்ணும் எந்த மீன்ல வந்துச்சுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தீங்க. அதைப் போய் குப்பைமேடுன்னு சொன்னா, நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்?"

"ஏலத்துல நான் எப்படி நிப்பேன்? அதையும் யோசிச்சியா? இடம் எதுன்னு அவங்க கேட்டப்ப வீட்டுல ஒரு மனுஷன் இருக்கான்னு உனக்குத் தோணலையே!"

அவள் பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது.

"அது என் தப்புதான்," என்றாள் மெல்ல. "உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சேன். உங்க கடை வாசல்ல நிக்குதேன்னு."

"பெருமையாத்தான் இருந்துச்சு," என்றார் அவர். அதைச் சொன்னதும் அவருக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது. மீன் கூடையைக் கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. தங்கச்சி வந்து வலைமீனுக்கு எதிரே, என் ஐஸ் வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு குடும்பம் வந்தது. அப்பா பிள்ளைக்கு வயிற்றைக் காட்டி, "பாத்தியா, மீனெல்லாம் எவ்வளவு அழுக்கு," என்றார். பிள்ளை குளிர்பானத்தை உறிஞ்சி முடித்தது. அப்பா அந்தக் காலி டப்பாவை வாங்கி, குப்பைத் தொட்டி தேடிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, வலைமீனின் வாய்க்குள் போட்டார். அது இரும்புக் கம்பியில் தட்டிக்கொண்டு உள்ளே விழுந்தது. அதற்கு முன்பே அங்கே கொஞ்சம் சேர்ந்திருந்தது. பழத்தோல், டீ குடித்த கப்பு, கசங்கிய பேப்பர்.

தங்கச்சி எழுந்து ஓடுவாள் என்று பார்த்தேன். எழவில்லை.

"மீனைப் பாத்துத்தான் பயப்படறாங்க அண்ணா. நான் அதைச் சொல்லல. அதைச் சொல்லவே இல்ல."

"எடுத்துடலாமா பாப்பா?"

"தெரியல." விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், பரீட்சைக்கு முன்னால் செய்வதுபோல. "எடுத்தா நான் சொன்னது பொய்னு ஆயிடும். எடுக்கலைன்னா அவர் கடை போயிடும். ரெண்டுல எது போனாலும் எங்க வீடு பழைய மாதிரி இருக்காது."

ஞாயிற்றுக்கிழமைதான் மார்க்கெட்டுக்குப் பெரிய நாள். அன்றும் மேகம் இறங்கியே இருந்தது. தலைவர் சொன்னபடி வண்டி வந்துவிட்டது. கயிறும் ஆட்களும் தயார். தங்கச்சி எனக்கு முன்பே வந்து ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வலைமீனின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சுற்றி நின்றார்கள்.

"டீச்சர்," என்றார் தலைவர், பணிவாகவே. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன்."

"நான் பொய் சொல்லலண்ணே. எல்லாம் இங்க வந்த மீன்ல இருந்ததுதான்."

"இந்த மார்க்கெட்ல எந்தக் கடை? எந்த மேசை? பேரைச் சொல்லுங்க. அவனைக் கேட்டுக்கறோம்."

தங்கச்சி வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவன், "சொல்ல முடியாது, இருந்தாத்தானே! பேப்பர்ல படம் வரணும்னு டீச்சர் விட்ட கதை," என்றான். யாரோ சிரித்தார்கள். பொய்க்காரி என்ற பேரை வாங்கிக்கொள்வாளே தவிர, புருஷன் பேரைச் சொல்லமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

மாப்பிள்ளை ஏலம் முடிந்து தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்தது. கூடையை இறக்கி வைத்தார்.

"என் மேசைதான்," என்றார்.

அதை அவர் தன் வாயாலேயே சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நான்தான் குடுத்தேன். நான் வெட்டின மீன்ல வந்தது. அவளா எதையும் பொறுக்கல."

தலைவரின் சாய்ந்த கழுத்து ஒரு கணம் நேரானது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வாங்க வந்தவர்கள் முகங்களைப் பார்த்தார். அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

"சரி. அப்ப இங்கயே வெட்டு. எல்லாரும் பாக்கட்டும். இன்னைக்கு வந்த மீன்ல ஏதாவது இருக்கான்னு நானும் பாக்கறேன்."

மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து வலைமீனுக்குப் பக்கத்தில் போட்டார்கள். நான் ஒரு கூடை ஐஸ் கொண்டுவந்து கொட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். மாப்பிள்ளை கத்தியைத் தீட்டினார். ஒரு மத்தியை எடுத்துக் கிழித்தார். குடல் மட்டும். ஒரு சூரை. இரையாக விழுங்கிய குட்டி மீன் இரண்டு, வேறொன்றும் இல்லை. இன்னொன்று. சுத்தம். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஒரு அடி கிட்ட வந்தது. எதுவும் இருக்கக் கூடாது என்று நினைப்பதா, ஏதாவது வரட்டும் என்று நினைப்பதா, எனக்குத் தெரியவில்லை. வந்தால் கடை போகும். வராவிட்டால் தங்கச்சி வார்த்தை போகும். மாப்பிள்ளை கை நிற்காமல் வெட்டிக்கொண்டே போனது. நெற்றி வேர்வை மட்டும் மூக்கு நுனியில் சொட்டியது.

"பாத்துக்கங்க எல்லாரும்! கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றார் தலைவர். குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது.

"அந்தச் சூரையை எனக்குக் குடுங்க," என்றது ஒரு குரல். பிறகு இன்னொன்று. கண்ணெதிரில் வெட்டிக் கழுவிய மீன் என்பதால் கை மாறி மாறிப் போனது. பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் கூடைகளை இழுத்து வந்து வெட்ட ஆரம்பித்தார்கள். வாரம் முழுக்கக் கேட்காத பேரச் சத்தம் கேட்டது. தங்கச்சியை யாரும் பார்க்கவில்லை. அவள் பெட்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா கூடையைக் காட்டினார். "அந்தக் கொடுவாவை வெட்டுங்க தம்பி. வீட்டுக்கு ஆளு வர்றாங்க. முழுசா எடுத்துக்கறேன்."

பெரிய மீன். மாப்பிள்ளை வயிற்றில் கத்தியை வைத்து இழுத்தார். பாதியில் கை நின்றது. கத்தி எதிலோ நெருடியிருக்கிறது. அது அவர் மணிக்கட்டுக்கு மட்டும் தெரிந்தது, பக்கத்தில் நின்ற எனக்கும். மற்றவர்களுக்கு மீனை மறைத்த அவர் உள்ளங்கையும் முழங்கையும்தான் தெரிந்தன. கட்டைவிரல் குடலுக்கு அடியில் போனது. ஒரு தள்ளு போதும். வாளி காலடியில்தான் இருந்தது.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவளுக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தக் கைகளைப் பார்த்தவள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சின்னதாக, ஒரே ஒரு தரம். தள்ளிவிடுங்கள் என்றுதான் அர்த்தம்.

மாப்பிள்ளை அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஒரு ஷாம்பு பாக்கெட். சுருண்டிருந்தது. நிறம்கூடப் போகவில்லை. பேரச் சத்தம் மேசைக்கு மேசை அணைந்துகொண்டே போனது.

"எல்லா மீன்லயும் இருக்காதும்மா," என்றார் மாப்பிள்ளை. "சிலதுல இருக்கும். சதைக்கு ஒண்ணும் ஆகலன்னு நான் நெனச்சுக்கிட்டுத்தான் என் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போறேன். உறுதியாச் சொல்ல எனக்குத் தெரியாது. வேணாம்னா விட்டுடுங்க."

அந்த அம்மா குனிந்து பாக்கெட்டைப் பார்த்தார். விரல் நுனியால் சுருளைப் பிரித்தார்.

"இது நான் வாங்கறது," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே. "வாரா வாரம் வாங்கறேன். பாத்ரூம் ஜன்னல் வழியா அப்படியே..." வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மீனை வாங்காமல் போய்விட்டார்.

வேறு சிலரும் கலைந்தார்கள். சிலர் நின்றார்கள். நின்றவர்களில் ஒருவர் அந்தக் கொடுவாவைத் துண்டு போடச் சொல்லி வாங்கிக்கொண்டார், முகத்தைச் சுளித்தபடியே. தங்கச்சி எழுந்து வந்து பாக்கெட்டை எடுத்துக் குழாயில் கழுவினாள்.

தலைவர் மாப்பிள்ளையிடம் வந்து நின்றார்.

"உன் விரலுக்கு அடியிலதானே இருந்துச்சு. தள்ளியிருக்கலாம்லடா."

"ஆமாண்ணே."

"அப்புறம் ஏன்?"

"அவளைப் பொய்க்காரின்னு சொல்லிச் சிரிச்சாங்கண்ணே."

தலைவர் வண்டிக்காரரிடம் போய்ப் பேசினார். வண்டி வெறுமனே திரும்பிப் போனது. ஆனால் போகும்போது அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்று மீதி நேரம் முழுக்க மாப்பிள்ளையிடம் யாரும் பேசவில்லை. சில்லறை மாற்றக்கூட வரவில்லை. ராத்திரி தங்கச்சி வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்தோம். மகள் பாவம், எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு அவளும் சத்தம் போடாமல் தின்றாள்.

"காலைல ஏலத்துக்குப் போறீங்களா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"போய்த்தான் பாக்கணும்."

"நானும் வரேன்."

மறுநாள் விடியும்போது கடல் பக்கமிருந்து மெல்லக் காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. தங்கச்சி அதுவரை ஏலத்தைப் பார்த்ததில்லை. என் ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் முழங்கையைப் பிடித்திருந்தாள். படகுகளிலிருந்து கூடைகள் வந்து இறங்கின. கடைக்காரர்கள் வட்டமாக நின்றார்கள். மாப்பிள்ளை போய் வட்டத்தின் ஓரத்தில் நின்றார். யாரும் விலகி இடம் விடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. இரண்டு தோள்களுக்கு இடையில் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

முதல் கூடை போனது. அவர் விரலைத் தூக்கினார். ஏலக்காரர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல இருந்தார். இரண்டாவது கூடை. அதுவும் அப்படியே. தங்கச்சியின் நகம் என் கையில் பதிந்தது.

"பாக்க மாட்டேங்கறாங்க அண்ணா."

"இரு, பாப்பா."

மூன்றாவது, நல்ல சூரை, பெரிய கூடை. ஏலக்காரர் விலையைக் கூவினார். மாப்பிள்ளை விரலைத் தூக்கி, இறக்காமல் அப்படியே வைத்திருந்தார். ஏலக்காரரின் கண் அந்த விரலில் பட்டது. பட்டுவிட்டு நேராகத் தலைவரிடம் போனது. வட்டமே தலைவரைப் பார்த்தது. அவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அந்தக் கூடையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கி, மாப்பிள்ளை விலைக்கு மேல் ஒரு விலை காட்டினார்.

"என்ன அண்ணா அர்த்தம்? குடுக்க மாட்டேங்கறாரா?"

அவள் பிடியிலிருந்து முழங்கையை மெல்ல விடுவித்தேன்.

"இல்ல பாப்பா. போட்டிக்கு வர்றாரு. விரலைப் பாத்தாத்தானே போட்டி."

மாப்பிள்ளை இன்னொரு விரலையும் தூக்கினார்.